எண்ணெய்க் கப்பல் வராத மாதங்கள்

அக்காவின் சிறுநீரகங்கள் இரண்டும் பழுதாகிவிட்டன என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னபோது, அவள் முதலில் கேட்டது தன் கடையைப் பற்றித்தான். "அப்ப நான் இனிச் சங்கக்கடைக்குப் போக ஏலாதா, டொக்டர்?" என்றாள். ஊரின் கூட்டுறவுச் சங்கக்கடை பல வருடமாக அவள் பொறுப்பில் இருந்தது. மா, சீனி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் அவள் கையால்தான் ஊருக்குப் போயின. டொக்டர் இளம் பெண். "போகலாம் அம்மா. ஆனா கிழமையில ரெண்டு நாள் எங்களுக்குத் தரவேணும்" என்றார்.

அந்த இரண்டு நாட்களில்தான் இயந்திரம் அக்காவின் இரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவித் திரும்ப உடம்புக்குள் விடும். அதற்காக இடது கையில் இரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்த இடத்தைத் தொட்டால் பூனை மடியில் கிடந்து உறுமுவதுபோல உள்ளே அதிரும். அக்கா அதை ஊர்ப் பிள்ளைகளுக்குத் தொட்டுப் பார்க்கக் கொடுப்பாள். அவர்கள் பயந்து கையை இழுத்துக்கொண்டால் சிரிப்பாள்.

எங்கள் ஊர் வாவிக்கு மேற்குக் கரையில், வெல்லாவெளிக்குப் போகும் வழியில் இருக்கிறது. பட்டினம் வாவிக்கு மறுகரையில், வெகு தூரம் வடக்கே. அக்கா கணவனை இழந்தவள். நான் அவள் தங்கை, கல்யாணம் செய்யாமல் அவளோடேயே இருந்தேன். நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன். அவளுடைய ஒரே மகன் கட்டாரில், எரிவாயு எடுக்கும் இடத்தில் வேலை. அவன் மாதம் தவறாமல் அனுப்பும் காசில் பக்கத்து வீட்டுத் தம்பியின் ஓட்டோவை நிரந்தரமாகப் பேசி வைத்திருந்தோம். விடிய வெளிக்கிட்டு, பட்டிருப்புப் பாலத்தால் வாவியைக் கடந்து, பெருந்தெருவால் பட்டினம் போவோம். பின்னேரம் திரும்புவோம். வரும்போது காத்தான்குடியில் ஓட்டோவை நிற்பாட்டச் சொல்லித் துணிக்கடைகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒன்றும் வாங்கமாட்டாள். "பார்த்தா காணும். உடுத்துக்கொண்டு எங்க போறது?" என்பாள்.

இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் போனது. அவள் இன்னும் நெடுங்காலம் இருப்பாள் என்றுதான் நாங்கள் எல்லோரும் நம்பினோம். டொக்டரும் அப்படித்தான் சொன்னார்.

பிறகு இரண்டாயிரத்து இருபத்திரண்டு வந்தது. முதலில் மின்சாரம் மணிக்கணக்காக நின்றது. பிறகு சமையல் வாயு இல்லாமல் போனது. அதுவரை எங்களுக்குப் பெரிய இடைஞ்சல் இல்லை. விறகு இருந்தது, கிணறு இருந்தது. பெற்றோல் இல்லாமல் போனபோதுதான் எங்களுக்கு வழி அடைபட்டது. கழுவாஞ்சிக்குடிப் பெற்றோல் செட்டிலிருந்து வாகன வரிசை ஊரைத் தாண்டி நீண்டது. ஓட்டோக்காரத் தம்பி தன் வண்டியை அந்த வரிசையில் விட்டுவிட்டு அதிலேயே உண்டு, அதிலேயே படுத்துக் கிடந்தான். அவன் மனைவி சோற்றுப் பார்சலோடு சைக்கிளில் போய் வந்தாள்.

கட்டாரிலிருந்து மகன் வீடியோவில் பேசும்போது அக்கா அவனிடம் கேட்டாள்.

"நீ நிக்கிற இடத்திலதானே மனே எல்லாம் எடுக்கிறாங்க. எங்களுக்கு ஏன் வருகுதில்ல?"

"இஞ்ச குறைவில்லம்மா. ஐரோப்பாப் பக்கம் சண்டை தொடங்கினதால அங்க உள்ளவன் என்ன விலை சொன்னாலும் வாங்குறான். வேற நாட்டுக்குப் போற கப்பலே வழியில அங்க திரும்பிப் போகுதாம். எங்கட நாட்டுக்கு வந்த கப்பல் கொழும்புக்கு வெளியில நிக்குது. குடுக்க டொலர் இல்ல."

அவன் வேலை முடிந்து விடுதி முற்றத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் தூரத்தில், உயரமான குழாய் ஒன்றின் நுனியில் நெருப்பு நின்று எரிந்தது.

"அதென்ன பின்னால பத்தி எரியுது?" என்றாள் அக்கா.

"அது மிஞ்சுற வாயும்மா. எரிச்சு விடுறது."

"சும்மாவா?"

"ஓம்மா. சும்மாதான்."

அக்கா போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனாள். பிறகு, "ஒரு போத்தலுக்குள்ள அடைச்சு அனுப்பு மனே" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். ஆஸ்பத்திரிக்கு ஒழுங்காகப் போகிறீர்களா என்று அவன் கேட்டான். ஓட்டோவில்தான் போய் வருகிறோம் என்று அவள் சொன்னாள். உண்மையில் அந்தக் கிழமை நாங்கள் ஓட்டோவில் போகவில்லை.

தம்பிக்குப் பெற்றோல் கிடைக்காத நாட்களுக்கு நான் வேறு வழி ஒன்று கண்டுபிடித்திருந்தேன். அக்காவைச் சைக்கிள் கரியரில் இருத்தித் துறை வரைக்கும் உருட்டிக்கொண்டு போவேன். எங்கள் பக்கத்தில் 'பாதை' என்றால் ஆட்களையும் வண்டிகளையும் வாவிக்குக் குறுக்கே ஏற்றி இறக்கும் இயந்திரப் படகு. அதற்கும் எண்ணெய் இல்லை. கரையில் கட்டிக் கிடந்தது. மீன்பிடிக்கிற ஒருவர் தன் தோணியில் எங்களை ஏற்றிக் கையால் வலித்து மறுகரையில், குருமண்வெளியில் இறக்கிவிடுவார். அங்கிருந்து பெருந்தெருவுக்கு நடை. பிறகு பஸ். பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தாலும் படியில் தொங்கிக்கொண்டுதான் வரும். நான் கத்திச் சொல்லுவேன், வருத்தக்காரி, நோயாளி என்று. யாராவது எழும்பி இடம் விடுவார்கள்.

ஒருநாள் தோணியில் போகும்போது அக்கா வாவியில் கையை நனைத்துக் கழுத்தில் தடவிக்கொண்டாள். சிறுநீர் போகாததால் அவள் நாளுக்குக் கொஞ்சம் தண்ணீர்தான் குடிக்கலாம். ஆனி மாத வெயில். "சுத்திவரத் தண்ணி. குடிக்கத்தான் ஏலாது" என்றாள். தோணிக்காரர், "இது உப்பு அக்கா, எங்களுக்கும் குடிக்க ஏலாது" என்றார். அதற்கும் சிரித்தாள். அப்போதே அவள் கால்கள் வீங்கியிருந்தன. செருப்பு வார் புறங்காலில் பதிந்து கிடந்தது.

ஆஸ்பத்திரியில் யாரையும் குறை சொல்லமாட்டேன். தாதிமார் சைக்கிளில் வந்தார்கள். தூரத்து ஊர்க்காரிகள் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே தங்கி வேலை செய்தார்கள். நாங்கள் எந்த நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாலும் அக்காவுக்கு ஒரு இடம் தேடித்தந்தார்கள். ஆனால் போய்ச் சேரவேண்டுமே. ஒருமுறை வாவி கடந்து தெருவில் நின்றோம். வெயில் தலைக்கு மேல் வந்து, மறுபக்கம் சரிந்தது. பஸ் வரவில்லை. வந்த ஒன்றிரண்டு வாகனங்களும் நிற்கவில்லை. அவர்கள் எண்ணெய் அவர்களுக்கு. அக்கா மதகுக் கட்டில் உட்கார்ந்தபடியே, "வா, வீட்ட போவம்" என்றாள். திரும்பி வந்தோம்.

அடுத்த தவணைக்கு முதல்நாள் தம்பி ஓட்டோவோடு வந்து வாசலில் நின்றான். வரிசையில் கிடந்து கொஞ்சம் பெற்றோல் கிடைத்திருந்தது. "அக்கா, நாளைக்கு வெளிக்கிடுங்க. போய் வர அளவா இருக்கு" என்றான்.

அக்கா அவனை உள்ளே கூப்பிட்டு இருக்கச் சொன்னாள்.

"தம்பி, இத நீ ஊருக்குள்ள ஓடினா எத்தின நாளைக்கு ஓடலாம்?"

"அது பாக்கலாம் அக்கா."

"பாக்கிற இல்ல. உன்ட மூண்டு பிள்ளையளும் என்ன சாப்பிடுதுகள்?"

அவன் வீட்டில் ஒருநேரம்தான் அடுப்பு எரிகிறது என்பது சங்கக்கடைக்காரிக்குத் தெரியாமல் இருக்காது. அக்கா சொன்னாள்: "கிழமையில ஒருக்காப் போவம். ரெண்டு தரம் வேண்டாம். எண்ணெய் வந்தாப்பிறகு பழையபடி போகலாம்."

நான் ஒத்துக்கொள்ளவில்லை. அழுதேன், கோபித்தேன். மகனுக்குச் சொல்லப்போகிறேன் என்றேன். "சொன்னா அவன் வேலைய விட்டுட்டு வருவான். வந்து? அவன் வந்தாப்போல கப்பல் வருமா?" என்றாள். அதற்குப் பிறகு அவளோடு பேசி வெல்ல முடியவில்லை. கடை நடத்தியவள்; எது காணும், எது காணாது என்று ஒரு பார்வையில் முடிவெடுத்துப் பழகியவள். தன் உடம்பையும் அப்படியே பங்கிட்டுவிட்டாள்.

உடம்பு அந்தப் பங்கீட்டுக்குச் சம்மதிக்கவில்லை. மூச்சு வாங்கத் தொடங்கியது. படுத்தால் இருமல்; சாய்ந்து உட்கார்ந்தபடியே கண்ணயர்வாள். கியூஆர் முறை வந்து, வாகனத்துக்கு இவ்வளவுதான் என்று எண்ணெய் கொடுக்கத் தொடங்கிய கிழமை, தம்பி தன் பங்கு முழுவதையும் அடித்துக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தான். இந்தமுறை அக்காவிடம் கேட்கவில்லை. நாங்கள் இரண்டுபேருமாகத் தூக்கி ஏற்றினோம். பாலம் கடக்கும்போது அவள் என் தோளில் சாய்ந்திருந்தாள். "கெதியாப் போகாத தம்பி, எண்ணெய் முடிஞ்சிரும்" என்றாள். வழியில் அவள் சொன்னது அவ்வளவுதான்.

நெஞ்சுக்குள் தண்ணீர் நிறைந்துவிட்டது என்றார்கள். இயந்திரத்தில் போட்டார்கள், ஒட்சிசன் கொடுத்தார்கள். சில நாள் இருந்தாள். ஒருநாள் காலையில் நன்றாகக் கதைத்தாள். கடைத் திறப்பு எந்தச் சுவாமிப்படத்துக்குப் பின்னால் இருக்கிறது என்று சொன்னாள். தம்பியின் கடைசிப் பிள்ளைக்குப் பால்மா எடுத்து வைத்திருக்கிறேன், மறக்காமல் கொடு என்றாள். அன்று மத்தியானம் போய்விட்டாள்.

செத்த பிறகும் அவளை ஊருக்குக் கொண்டுவர எண்ணெய் தேட வேண்டியிருந்தது. பட்டினத்து வான்காரர் கழுவாஞ்சிக்குடி வரைக்கும்தான் வருவேன் என்றார். அதற்கப்பால் வந்தால் அவர் திரும்பிப் போக முடியாது. தம்பியின் ஓட்டோ எண்ணெய் தீர்ந்து வெறுமையாக ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. ஊருக்குப் போன் எடுத்தேன். எங்கள் வட்டையில் வயல் செய்யும் ஒருவர் உழவு இயந்திரத்தில் இழுவைப் பெட்டியைப் பூட்டிக்கொண்டு கழுவாஞ்சிக்குடிக்கு வந்து காத்திருந்தார். வெள்ளாமை விளைந்து நின்ற நேரம். அறுவடைக்கென்று விவசாயிகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்த டீசல் அது. பெட்டிக்குள் வைக்கோல் பரப்பி, அதன்மேல் வெள்ளை விரித்திருந்தார். நான் அவரிடம், "உங்கட வயல்?" என்று கேட்டேன். "கையால வெட்டுவம் ரீச்சர். அவவ இஞ்ச விட்டுட்டா போறது?" என்றார். சொன்னபடியே அந்தப் போகம் அவர் வயலில் ஒரு துண்டைக் கையால்தான் வெட்டினார்கள்.

அக்காவின் மகன் வந்து சேர்ந்தபோது எரியூட்டி முடிந்திருந்தது. விமானம் ஏறி இறங்க எடுத்த நேரத்தைவிடக் கொழும்பிலிருந்து ஊருக்கு வர அவனுக்கு அதிக நேரம் எடுத்தது. முற்றத்துப் பந்தலுக்குள் செருப்போடு வந்து, பிறகு நினைத்துக்கொண்டு வெளியே போய்க் கழற்றிவிட்டு வந்தான். இரண்டு நாள் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் நான் அடுப்படியில் இருக்கும்போது வந்து பக்கத்தில் குந்தினான்.

"சின்னம்மா, நான் அனுப்பின காசு எல்லாம் இருக்கா?"

"இருக்கு மனே. அம்மாட பெட்டிக்குள்ள இருக்கு."

"அப்ப ஏன்?"

"காசு இருந்திச்சி. வாங்கச் சாமான் இல்ல."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அழுகிறான் என்று நினைத்தேன். அழவில்லை. "யாரிட்டப் போய்க் கேக்குறது சின்னம்மா?" என்றான்.

எங்கள் நாட்டுச் சண்டைக் காலத்திலும் இந்தக் கரைக்கு மண்ணெண்ணெய் வராமல் இருந்ததுண்டு. அப்போது அதைத் தடுத்தவர்கள் யார் என்று தெரியும். மறிக்கிற இடத்தில் ஆள் நிற்பான். கெஞ்சலாம், ஏசலாம், அவன் முகத்தை மறக்காமல் வைத்திருக்கலாம். இம்முறை எங்களை மறிக்க ஒருவரும் நிற்கவில்லை. எங்கோ சண்டை பிடித்தவர்களுக்கும், கூடிய விலை கொடுத்துத் தங்கள் வீடுகளைச் சூடாக்கியவர்களுக்கும், நாட்டின் டொலரைத் தீர்த்துவிட்டு இருந்தவர்களுக்கும் எங்கள் அக்கா என்று ஒருத்தி இருந்ததே தெரியாது. நான் படிப்பித்த பூகோளத்தில் இந்த நாடுகள் எல்லாம் வந்தன. எண்ணெய் எங்கே கிடைக்கிறது, எந்தக் கடலால் போகிறது என்று பிள்ளைகளுக்குப் படம் கீறிக் காட்டியிருக்கிறேன். அதற்குப் பிறகு அந்தப் பாடத்தை என்னால் முன்னைப்போல எடுக்க முடியவில்லை. ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அக்காவின் மகன் கட்டாருக்கே திரும்பிப் போனான். வேறு எங்கே போவான்? ஓட்டோக்காரத் தம்பி அடுத்த வருடம் வண்டியை விற்றுவிட்டுக் காத்தான்குடித் துணிக்கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். இப்போது பெற்றோல் செட்டில் வரிசை இல்லை. எப்போது போனாலும் அடிக்கலாம். விலைதான் பழைய விலை இல்லை. மாதம் முடியும்போது உலக விலையைப் பார்த்துக் கூட்டுகிறார்கள், சிலநேரம் கொஞ்சம் குறைக்கிறார்கள். சங்கக்கடையில் மலிவு மண்ணெண்ணெய் இல்லை. கரண்ட் பில் வந்தால் ஊரில் பலர் ஒரு பல்ப்பைக் கழற்றி வைக்கிறார்கள்.

பக்கத்து ஊரில் ஒரு பெண்ணுக்கு இதே சிறுநீரக வருத்தம். அக்காவைவிட வயது குறைந்தவள். இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். புருஷன் கூலிக்குப் போகிறவன். ஓட்டோ கட்டுபடியாகாது. துணைக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் கூடப் போய் வருகிறேன். போன கிழமை விடிய அவள் வீட்டுக்குப் போனால், அவள் வெளிக்கிடாமல் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன பிள்ள, வெளிக்கிடல்லயா?"

"இந்தமுறை விடுவம் ரீச்சர். பஸ் காசும் கூட்டிட்டான். பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கவேணும். அடுத்த தரம் போவம்."

சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னேன். கையைப் பிடித்துக் கேட்டேன். என்னிடம் இருப்பதை எடுத்து நீட்டினேன், வாங்க மறுத்துவிட்டாள். பிறகு அவள் உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். எனக்கு ஒரு கோப்பை. அவள் குடிக்கவில்லை, குடிக்கக் கூடாது. நான் குடித்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்து, வீங்கத் தொடங்கியிருந்த கால்களைப் பாவாடைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டாள்.