பேத்தியின் ஓட்டைப் பொடி

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல, மருமகள் எழுதுகிறாள். என் பேத்தி வேதியியல் ஆராய்ச்சிக்காரி. படித்த காலத்திலிருந்தே, கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் நிறைந்த ஒரு பொடியைச் செய்கிறாள். கெட்ட புகையை அது கெடுதல் இல்லாததாக மாற்றிவிடுமாம். நல்லதுதான். ஆனால் எங்கள் கொரட்டூரில் மழை தூறினால், பொடி நனையவில்லையே என்று ஆய்வகத்துக்குப் போன் போடுகிறாள். நான் நனைந்தேனா என்று கேட்பதில்லை.

ஒருநாள், வெளியூரில் காட்டுவதற்காக அந்தப் பொடியை ஒரு பாட்டிலில் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அதில் அப்படி என்ன இருக்கிறது என்று மழைக்காற்றில் திறந்து பார்த்தேன்.

"இன்னா ஆயா இது? ஓட்டையெல்லாம் ஈரத்தக் குடிச்சிருக்கும்."

"ரவை வறுக்கிற மாதிரி வறுத்துக்கோ."

அவள் சிரித்துவிட்டாள். "அத்தத்தான் நாங்களும் பண்றோம் ஆயா. சூடு காட்டுனா ஈரம் பூடும்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனாலும் சாப்பிடும்போது பாட்டிலைத்தான் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். நான் எதிரில் உட்கார்ந்தேன்.