உள்ளே போன பால்

டிசம்பர் இருபத்தாறு வந்தால் தேவனாம்பட்டினத்துக் கரையில் நாங்கள் பால் ஊற்றுவோம். அலை எடுத்துக்கொண்டு போனவர்களுக்கு அதுதான் எங்கள் படையல். சொம்பில் பால், கொஞ்சம் சாமந்திப் பூ, ஒரு கட்டி கற்பூரம். தெருவே திரண்டு போகும். புஷ்பவள்ளி மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பாள்.

"வாடி, ஒரு சொம்பு ஊத்திட்டு வந்துடலாம்" என்று ஒரு வருஷம் கூப்பிட்டுப் பார்த்தேன்.

"கடைப் பால் குடிச்சா வளந்தா எம் பொண்ணு? நீ போ முத்தம்மாக்கா" என்றாள்.

அவள் எனக்குப் பக்கத்து வீடு. துறைமுகத்தில் ஏலம் எடுத்து, திருப்பாதிரிப்புலியூர் தெருக்களில் இருவரும் சேர்ந்துதான் மீன் விற்போம். சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் கூடையோடு போயிருந்தோம். அவள் மகள் சிந்துஜா தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள். இன்னும் உட்காரப் பழகாத குழந்தை. மாமியார் பக்கத்தில் இருந்தாள். நாங்கள் ஓடி வந்தபோது தூளி கட்டியிருந்த வீடே இல்லை. மாமியாரின் உடல் கிடைத்தது. குழந்தையைக் கடல் கொடுக்கவே இல்லை.

பிள்ளை போனது மனசுக்குத் தெரியும். மாருக்குத் தெரியுமா? நிவாரண முகாமில் அவள் ரவிக்கை நனைந்துகொண்டே இருந்தது. குழந்தை பாலுக்கு அழும் நேரமெல்லாம் நனையும். பெண்கள் நாங்கள் கூடி, பால் வற்றுவதற்காக அவள் மார்பில் மல்லிகைச் சரம் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினோம். எங்கள் பக்கத்து வழக்கம் அது. சில நாளில் நின்றுபோனது. "பால் உள்ள போயிடுச்சு" என்று சொன்னோம். எப்போதும் அப்படித்தானே சொல்வோம். அந்தச் சொல்லை அவள் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டது எங்களுக்குத் தெரியாது.

மூன்று வருஷம் போனது. ஒரு கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டு வந்தவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் போட்ட மீனாகத் துடித்தாள். சிந்துஜா வயிற்றில் இருந்தபோதே இந்த வலி உண்டு. சூட்டு வலி என்று சீரகத் தண்ணீர் கொடுத்துவிடுவோம். இந்தத் தடவை தாங்கவில்லை. அவள் புருஷன் பக்கிரியும் நானும் சிதம்பரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவளைக் கொண்டுபோனோம்.

நர்சம்மா ஊசியில் ரத்தம் எடுத்துக் குழாயில் விட்டு வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அடியில் சிவப்பாகவும் மேலே வெள்ளை வெளேரென்றும் ஆடை கட்டியது போல் நின்றது. தாட்சாயிணி டாக்டர் அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். எங்கள் வயசுக்காரர்தான், கோயில் தெருவில் வீடு.

"என்னா டாக்டரம்மா இது, தயிரு மாரி?" என்றான் பக்கிரி.

"கொழுப்பு. நாம சாப்பிடற எண்ணெய், தேங்காய், நெய் எல்லாம் பொடிப்பொடி உருண்டையா ரத்தத்துல ஏறும். ஒடம்புல அங்கங்க அதை இறக்கி விடணும். அதுக்குன்னு ரத்தத்துலயே ஒரு புரதம் இருக்கு. அது கூட இருந்தாத்தான் சுமை இறங்கும். இவுங்களுக்குப் பொறப்புலயே அது சரியா அமையலைன்னு தோணுது. சோதனைக்கு அனுப்பறேன். இறங்காத கொழுப்பு ரத்தத்துலயே சுத்துது. ஜாஸ்தியானா வயித்துல கணையம் புண்ணாப் போகும். அதான் இந்த வலி."

பக்கிரி யோசித்தான். "அதாவது, லாரி லாரியா சரக்கு வந்து நிக்குது. எறக்குற ஆளு லீவு."

டாக்டர் சிரித்துவிட்டார். "அதேதான்."

"ஏண்டி, பொறக்கும்போதே அந்த ஆளுகிட்ட சண்டை போட்டு அனுப்பிட்டியா?" என்றான் பக்கிரி அவளிடம்.

புஷ்பவள்ளி சிரிக்கவில்லை. அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எண்ணெய் கூடாது, தேங்காய் கூடாது, நெய் கூடாது, மத்தி போலக் கொழுத்த மீன் கூடாது என்று டாக்டர் சொன்னார். "இன்னொரு புள்ள வேணும்னா இப்பலேர்ந்தே வாயைக் கட்டணும். பொம்பளைக்கு வயித்துல புள்ள நிக்கறப்ப ரத்தத்துல கொழுப்பு தானா ஏறும். உனக்கு அது உசுருக்கே வந்துடும்."

சில நாளில் வலி தணிந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நடராசர் சன்னதியில் நின்று, இவள் வயிற்றில் இன்னொரு உயிரை வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வந்தேன். திரும்பும் பஸ்ஸில் அவள் முகத்தில் நான் பல காலம் பார்க்காத தெளிவு இருந்தது.

"அக்கா, பாத்தியா? உள்ளதான் இருக்குது."

"என்னாடி?"

"பாலு. பூ கட்டுனீங்களே, உள்ள போயிடுச்சுன்னீங்களே. எங்கயும் போவலக்கா. அவுளுக்கு உள்ளது அப்படியே இருக்குது."

வலியில் புத்தி கலங்கிச் சொல்கிறாள், சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

சரியாகவில்லை. ஒரு நாள் அவள் வீட்டுக்குள் போனால் பூண்டும் சுறாவும் வதங்குகிற வாசனை. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற நாங்கள் செய்து கொடுக்கும் சுறாப்புட்டு. வாணலியில் எண்ணெய் தளும்பி நின்றது.

"பாவி, டாக்டரு என்னா சொன்னாரு? செத்துப் போயிடுவடி!"

"வத்திடக் கூடாதுக்கா" என்றாள், கரண்டியை விடாமல்.

அந்தக் கரண்டியைப் பிடுங்கி எறிய எனக்குக் கை வரவில்லை. சாமியிடம்தான் அழுதேன்.

அடுத்த வலி முந்தியதைவிடக் கொடுமையாக வந்தது. மறுபடி அதே ஆஸ்பத்திரி. அவள் கண் விழித்துப் பேசத் தொடங்கியதும் டாக்டரைத் தனியாகப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று பயந்தேன். அவர் சிரிக்கவில்லை. அன்று எடுத்த ரத்தக் குழாயை மேசைமேல் வைத்துவிட்டு அவள் கட்டிலிலேயே உட்கார்ந்தார்.

"புஷ்பவள்ளி, அது பால் இல்லம்மா. ஆனா நீ நெனச்சதுல பாதி சரி. தாய்ப்பால்ல இருக்கற கொழுப்புல நெறைய ரத்தத்துலேர்ந்துதான் மார்புக்குப் போகணும். அங்கயும் இறக்கி விட அந்தப் புரதம் வேணும். உனக்கு அது இல்லாததால போகாம நின்னுடுச்சு. இந்தக் குழாயில இருக்கறது பாலாகாம நின்னுபோன கொழுப்பு."

அவள் அந்தக் குழாயைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப எம் பொண்ணு பட்டினியா கெடந்தாளா?"

"இல்ல. உன் மார்பு தானாவும் கொஞ்சம் கொழுப்பு பண்ணிக்கும். கொழந்த எப்படி இருந்தா?"

"கன்னம் ரெண்டும் பன்னு மாரி இருக்கும்."

"அப்பறம் என்ன? வயிறு நெறைஞ்ச கொழந்தைக்குத்தான் அப்படி இருக்கும்."

புஷ்பவள்ளி மேசைமேல் இருந்த ரத்தக் குழாயைக் காட்டினாள். "அத எனக்குக் குடுங்க. கடல்ல ஊத்தணும்."

"குடுக்கக் கூடாதும்மா" என்றார் டாக்டர், மெதுவாக.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஊருக்கு வந்ததும் எண்ணெய்ச் சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தாள். "பாலாவாதத சேத்து வெச்சி என்னாக்கா பண்றது?" என்றாள்.

அப்புறம் பார்த்ததெல்லாம் ஒரு தவம். புளியும் மிளகாயும் மட்டும் போட்டு வேக வைத்த, கொழுப்பில்லாத காரல் மீன் கொஞ்சம், சோறு, ரசம். தாளிப்பு கிடையாது. விசேஷ வீட்டில் வடையைத் தொடமாட்டாள். எதிர்வீட்டு ஆரோக்கியம்மாள் சும்மா இருப்பாளா?

"என்னாடி, சினிமாவுல நடிக்கப் போறியா? ஒடம்ப இளைக்கிற?"

"ஆமா, ஹீரோ ஒம் புருசன்தான். வூட்ல சொல்லலியா?"

பந்தியே சிரித்தது. ஆனால் பாயசம் பரிமாறிப் போகும்போது அவள் கண் அந்த வாளியோடு கொஞ்ச தூரம் போய்விட்டு வரும்.

2010இல் உண்டானாள். வாயை எவ்வளவு கட்டியும், டாக்டர் சொன்னபடியே ஏழாம் மாசத்தில் ரத்தத்தில் கொழுப்பு ஏறி வலி வந்தது. அப்போது அவளுக்குப் பிளாஸ்மா ஏற்றினார்கள். ரத்தத்தில் சிவப்பை எடுத்துவிட்டால் மிஞ்சுகிற மஞ்சள் தண்ணீர். நல்ல ஆட்களின் பிளாஸ்மாவில் இவளுக்கு இல்லாத அந்தப் புரதம் இருக்குமாம். பக்கிரியோடு வலை இழுக்கிறவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து ரத்தம் கொடுத்தார்கள்.

"எறக்குற ஆள வெளியூர்லேர்ந்து கூட்டியாந்தாச்சு" என்று பக்கிரி எல்லாரிடமும் சொன்னான். சொல்லிவிட்டு அவள் கட்டில் பக்கமே திரும்பி ஓடினான்.

வலி அடங்கியது. அந்த ஆள் கொஞ்ச நாள்தான் தங்குவானாம். தேவைப்பட்டபோது மறுபடி ஏற்றினார்கள். தீபாவளிக்கு முன்னால் ஆண் குழந்தை பிறந்தது. எழிலன் என்று பெயர் வைத்தார்கள். பால் கொடுக்கலாம், ஆனால் கொஞ்சம் தண்ணீராக இருக்கும், எடையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

அந்த டிசம்பர் இருபத்தாறு காலை சொம்போடு புறப்பட்டேன். புஷ்பவள்ளி வாசலில் நின்றாள். கையில் குழந்தை மட்டும்.

"பாலு வாங்கலியாடி?"

"வாக்கா" என்றாள்.

கரையில் கூட்டம் பால் ஊற்றிக்கொண்டிருந்தது. அவள் கொஞ்சம் தள்ளிப் போய், எழிலனை என் தோளில் போட்டுவிட்டு முழங்கால் தண்ணீர் வரை இறங்கினாள். எங்களுக்கு முதுகைக் காட்டி, முந்தானையால் மறைத்துக்கொண்டு குனிந்தாள். நான் பக்கத்தில் இருந்ததால் பார்த்தேன். ரவிக்கையைத் தளர்த்தி, தன் பாலைத் தண்ணீரில் பீய்ச்சிக்கொண்டிருந்தாள். விழுந்த இடம்கூடத் தெரியவில்லை. அவ்வளவு மெலிசான பால்.

"தண்ணியாத்தான்டி இருக்குது. கோவிச்சிக்காத" என்றாள் கடலிடம்.

அலை வந்து அவள் முழங்காலை நனைத்துவிட்டுத் திரும்பியது. என் தோளில் எழிலன் பசித்து அழத் தொடங்கினான். அவள் காதில் விழுந்திருக்கும். ஆனாலும் அடுத்த அலை வரட்டும் என்று இன்னும் கொஞ்சம் நின்றாள்.