கச்சான் அக்காவின் ஹாரன்

சைக்கிள் கைப்பிடியில் மாட்டி அமுக்கினால் வாத்து போலக் கத்துமே, ரப்பர் குமிழ் வைத்த ஹாரன், அந்த ஓசைதான் என் பத்தாவது வயதை நினைத்தால் எனக்கு முதலில் கேட்பது; மற்றவர்களுக்கு மல்லிகை மணமும் மண் வாசனையும் வருகின்றனவாம், கொடுத்து வைத்தவர்கள்.

குவாலா சிலாங்கூர் பக்கத்தில் எங்கள் எஸ்டேட்டின் தொழிலாளர் வீட்டு வரிசையான "லயத்துக்கு" மாலை நாலு மணிக்கு அவித்த "கச்சான்", அதாவது நிலக்கடலை, விற்க வருபவர் தெய்வானை அக்கா. அவருக்கு ஆண் குரல். வேலையாட்களை மேய்க்கும் மண்டோருக்கு அந்தக் குரல் இருந்திருந்தால், விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் "பெரட்டு"க்கு மணியே அடித்திருக்க வேண்டாம். "கச்சான்... சூடு கச்சான்..." என்று முதல் லயத்தில் இழுத்தால், கடைசி லயத்தில் பிள்ளைகள் கிண்ணத்தோடு நிற்பார்கள். கணவரை இழந்த அவர் நான்கு பிள்ளைகளை அந்தக் குரலை வைத்துத்தான் வளர்த்துக்கொண்டிருந்தார். இது எனக்கு அப்போதே தெரியும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அந்த ஆண்டு தமிழ்ப்பள்ளி விழாவுக்கு ரவாங்கிலிருந்து ஒருவர் மடியில் பொம்மையோடு வந்தார். அவர் கேட்க, பொம்மை பதில் சொன்னது. முன்வரிசையில் இருந்த எங்களுக்கு அவர் தொண்டைக்குழி ஏறி இறங்குவது நன்றாகவே தெரிந்தது. தெரிந்தும் ஒருவர்கூட அவரைப் பார்க்கவில்லை, பொம்மையைத்தான் பார்த்தோம். யார் வணக்கம் சொன்னாலும் தலையசைக்காத, எஸ்டேட் அலுவலகக் கணக்கு பார்க்கும் கிராணி, பொம்மைக்கு எழுந்து நின்று வணக்கம் சொன்னார். அவர் தொந்தியைப் பற்றிப் பொம்மை கேட்டதை எங்கள் அப்பா கேட்டிருந்தால் அன்றே வேலை போயிருக்கும். பொம்மை கேட்டதால் கிராணி அந்தத் தொந்தி குலுங்கவே சிரித்தார். அந்தக் கலையின் கவர்ச்சி முழுவதும் எனக்கு அப்போதே விளங்கிவிட்டது: எதையும் சொல்லலாம், சொன்னவன் நானில்லை.

அண்ணனின் கால்பந்துக் காலுறையில் இரண்டு சட்டைப் பொத்தான்களைத் தைத்து, சின்னக்கண்ணு என்று பெயரிட்டு, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பயின்றேன். உதடு ஒட்டாமல் பகரமும் மகரமும் வருவேனா என்றன. "அம்மா" என்றால் "அங்ஙா" என்று வந்தது. உதட்டுக்கு வேலையே இல்லாத வாசகம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது, அது நாள்தோறும் நாலு மணிக்கு வாசலுக்கே வந்துகொண்டிருந்தது. அவர்மேல் எனக்கு விரோதம் ஒன்றுமில்லை. சுலபமாக இருந்தது, அவ்வளவுதான்.

பொங்கல் விளையாட்டுப் போட்டியன்று, சாக்கு ஓட்டத்துக்கும் கயிறு இழுப்புக்கும் நடுவில் என்னைத் திடலில் ஒரு மேசைமேல் ஏற்றிவிட்டார்கள். சின்னக்கண்ணு "கச்சான்... சூடு கச்சான்..." என்று அச்சு அசலாக இழுத்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. கைதட்டல் தலைக்கேற, "அக்காங்களா, என் தாடியக் கண்டீங்களா?" என்றும் கேட்டுவைத்தது. மண்டோர் குடித்த தேத்தண்ணீரைத் துப்பிவிட்டுச் சிரித்தார். திடலோரம் சைக்கிளோடு நின்ற தெய்வானை அக்காவும் சிரித்தார், கையால் வாயை மூடிக்கொண்டு.

மறுநாளிலிருந்து பிள்ளைகள் சைக்கிளுக்குப் பின்னால் தாடியைத் தேடிக்கொண்டு ஓடினார்கள். அக்கா முதலில் ஏசினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். கச்சான் வந்துபோனதே கடைசி லயத்துக்குத் தெரியவில்லை, பாதிக் கூடை அப்படியே திரும்பிப் போனது. மூன்றாம் வாரம் கைப்பிடியில் ஹாரன் ஏறிவிட்டது. கூடை மறுபடியும் காலியானது, அவர் மட்டும் வாய் திறக்கவில்லை. உதடு அசையாமல் வேறெங்கிருந்தோ ஓசை வரவழைப்பதில் இப்போது எஸ்டேட்டிலேயே தேர்ந்தவர் அவர்தான்.

அம்மா என் காதைத் திருகி, மன்னிப்புக் கேட்டுவிட்டு வரச்சொல்லி அனுப்பினார். தனியாகப் போகத் துணிவில்லாமல் சின்னக்கண்ணுவைக் கையில் மாட்டிக்கொண்டு போனேன். தெய்வானை அக்கா குழாயடியில் கச்சான் கழுவிக்கொண்டிருந்தார்.

"தெரியாத செஞ்சிட்டேன்க்கா" என்றது சின்னக்கண்ணு, "தெரியாம"வின் மகரத்தைத் தவிர்த்து.

அவர் என்னைப் பார்க்கவில்லை. காலுறையைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "ஒன்ன யாரு கேட்டா? அவன சொல்லச் சொல்லு."

நான் நின்றேன். குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் காத்திருந்தார் என்பது இன்று தெரிகிறது. அன்று நான் திரும்பி ஓடிவிட்டேன்.

போன ஆண்டு அசாம் ஜாவாவில் ஒரு திருமணம். மைக்கைப் பிடித்து விருந்தினரைச் சிரிக்கவைக்கும் பொறுப்பு வழக்கம்போல் என்னுடையது. இறங்கி வந்தால், இரண்டாம் மேசையில் தெய்வானை அக்கா, எண்பதைத் தொட்டிருப்பார். அந்த மன்னிப்பை இன்று கேட்டேவிடுவது என்று பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறந்தேன். "என்னாக்கா, சூடு கச்சான் இருக்கா?" என்ற அசட்டுக் கிண்டல்தான் வந்தது.

அவர் என் வலக்கையை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். "கையில பொம்மயக் காணோம். இப்பவாச்சும் நீ பேசுவேன்னு பாத்தேன் லா" என்றார். அந்தக் குரல் இன்னும் தாழ்ந்தே இருந்தது. பேரன் வந்து அவரைக் காருக்கு அழைத்துப் போனான்.

லயங்கள் இருந்த இடத்தில் இப்போது எண்ணெய்க்கான செம்பனை நிற்கிறது, திடல் இருந்த இடத்தில் ஒரு கிடங்கு. நான் இருக்கும் ரவாங் தாமான் குடியிருப்பில் எதையும் யாரும் கூவி விற்பதில்லை; ரொட்டிக்காரர்கூட மோட்டார் சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டுதான் வருகிறார், நான் எழுந்து சன்னலைச் சாத்துகிறேன். கேட்க வேண்டிய மன்னிப்பைக் கடைசியில் இங்கே எழுதிக் கேட்டிருக்கிறேன். எழுதி முடித்த பிறகுதான் கவனித்தேன், என் உதடு அசையவே இல்லை.