கூடத்தில் தங்காத அலாரம்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். என் வீட்டில், பட்டப்பகலில் நடந்தது இது. கதை கட்ட எனக்கு நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை.

குடியேறிய வாரத்தில், புகைக்கும், கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவுக்கும் சேர்த்துக் கத்துகிற அலாரம் ஒன்று வாங்கினேன். அடுப்படியில் மாட்டினால், எண்ணெய் காய்ந்தாலே ஊரைக் கூட்டியது. கழற்றிக் கூடத்தில் மாட்டினேன். மறுநாள் காலை அது கூடத்தில் இல்லை. தம்பியின் சின்ன அறையில், தலைமாட்டுக்கு மேலே இருந்தது. திருகாணியெல்லாம் ஒழுங்காக முடுக்கியிருந்தது.

தம்பிக்கு மருத்துவமனையில் இரவு வேலை. பகலெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிற கும்பகர்ணன்.

"கிளம்பறப்போ நீதானே மாத்தின?"

"சத்தியமா நான் தொடலக்கா."

மறுபடி கூடத்தில் மாட்டினேன். மறுபடி அவன் அறைக்குப் போனது. மூன்று முறை! எரிச்சல் தலைக்கேறியது. பேட்டரியைப் பிடுங்கிக் குப்பையில் போட்டேன்.

"இனி எங்க வேணா தொங்கு, சனியனே!"

அன்று பிற்பகல் 2.40. மழை. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. துணி துவைக்க வெந்நீருக்காக, சின்ன அறையை ஒட்டியிருந்த கேஸ் ஹீட்டரை வெகுநேரம் ஓட விட்டிருந்தேன். தலை விண்விண்ணென்று வலித்தது.

பீப்... பீப்... பீப்... பீப்.

நின்றது.

மறுபடி நான்கு... சின்ன அறையிலிருந்து.

பல்லைக் கடித்துக்கொண்டு கதவைத் தள்ளினேன்.

"எந்திரிடா! இதுக்கு யாரு பேட்டரி போட்டது?"

அசையவில்லை. உலுக்கினேன்.

எழவில்லை...

காலைப் பிடித்து வாசல்வரை இழுத்தேன்.

2.52. இருமினான்.

போன் செய்ததும் வந்த தீயணைப்புக்காரர் ஹீட்டரின் புகைக்குழாயிலிருந்து ஒரு பறவைக் கூட்டை எடுத்தார். "இன்னும் கால் மணி நேரம் தாண்டியிருந்தா பொழச்சிருக்க மாட்டாரு," என்றார். அலாரத்தையும் கழற்றித் திறந்து பார்த்தார். உள்ளே பேட்டரி இல்லை.

ஆத்திரம் தாங்காமல் வீட்டுக்கார அம்மாவுக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"முன்னாடி ஒருத்தர் குடியிருந்தாரும்மா... இதே வாயுதான். சின்ன ரூம்ல படுத்தவரு எந்திரிக்கவே இல்ல."

"அவர்கிட்ட அலாரம் இல்லையா?"

"இருந்துச்சு. பேட்டரி தீர்ற வரைக்கும் கத்தியிருக்கு. கூடத்துல மாட்டியிருந்தாரு... கதவு சாத்தியிருந்துச்சு. அவர் காதுல விழல."