சுழி இல்லாத ஓடை

சேற்றைப் பார்த்து நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மூன்றாவது பீரியடு முடிந்ததும் ஐந்தாம் வகுப்பு 'பி' பிரிவு பின்வாசல் வழியாக உள்ளே வரும். முப்பது ஜோடிக் கறுப்பு ஷூக்கள், அத்தனையிலும் சேறு. வராந்தா நெடுகக் கால்தடம். எதிர் அறையில் 'ஏ' பிரிவுக்கு நான் ஓடை என்றால் என்ன என்பதை ஆங்கிலத்தில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருப்பேன். என் பிள்ளைகள் எழுதுவதை நிறுத்திவிட்டு அந்தத் தடங்களைப் பார்ப்பார்கள். என் கையில் இருந்தது சாக்பீஸ் தூள். ஊதினால் போய்விடும்.

தொண்ணூறுகளின் கடைசி அது. புனேயின் ஓரத்துப் பாணேரில் அப்போது அடுக்குமாடிகளைவிடச் சோளக்காடு அதிகம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகிப் புனே வந்து பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது எனக்கு. மகள் ஐந்தாம் வகுப்பு. ஆசிரியையின் பிள்ளை அம்மாவின் பிரிவில் படிக்கக் கூடாது என்பது பள்ளியின் விதி. அதனால் அவள் 'பி'யில் இருந்தாள். அந்தச் சேற்றுக் கால்களில் இரண்டு என் வீட்டுக் கால்கள்.

'பி' பிரிவின் ஆசிரியைக்கு என் வயதுதான். மராத்திக்காரி. கசங்கிய பருத்திப் புடவையை முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை தூக்கிச் செருகியிருப்பாள். என்னைப் பிள்ளைகள் 'மிஸ்' என்றார்கள். அவளைத் 'தாயி' என்றார்கள். மராத்தியில் அதற்கு அக்கா என்று பொருள். எனக்கும் தெரியும். தெரிந்து என்ன, காது தமிழ்க் காது. நான் பெற்றவள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து "தாயி என்ன சொன்னான்னா..." என்று ஆரம்பிக்கும்போது சாம்பார்க் கரண்டி அந்தரத்தில் நின்றுவிடும்.

"இங்க ஒரு தாயி, அங்க ஒரு தாயி. பிள்ளைக்கு என்ன கொறச்சல்?" என்பார் கணவர்.

"பேசாம சாப்பிடுங்க."

"நான் என்னத்தச் சொல்லிட்டேன் இப்போ? ரசத்த ஊத்து."

அந்த ஆசிரியை செய்ததில் மாயம் ஒன்றுமில்லை. புத்தகத்தில் நீர்நிலைகள் என்று ஒரு பாடம். பள்ளியின் பின்சுவருக்கு அப்பால் குன்றிலிருந்து இறங்கிவரும் ஓர் ஓடை. புத்தகத்தை மேஜைமேல் வைத்துவிட்டு அவள் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனாள். வாராவாரம் அதே ஓடை. காலடி வைத்து அகலம் அளந்தார்கள். மழை விட்டதும் எந்தப் பாறை வரை தண்ணீர் ஏறியது என்று செங்கல் துண்டால் கோடு இழுத்தார்கள். எருமை குளிப்பாட்ட வரும் அம்மாளிடம், கோடையில் முதலில் வற்றுவது எந்த இடம் என்று கேட்டு எழுதினார்கள். அவ்வளவுதான். நானும் செய்திருக்கலாம். என் வகுப்பு ஜன்னலும் அதே ஓடையைப் பார்த்துத்தான் திறந்தது. அதுதான் எரிந்தது.

ஒருநாள் மகள் ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்:

"அம்மா, இன்னிக்கு ஓடால ஏழு நண்டு."

"ஓடா இல்லடி. ஓடான்னா ஓடாததுன்னு அர்த்தம்."

"ஓடுதே ம்மா. நான் பேப்பர் போட் விட்டேன், ஓடிச்சு. தாயி ஓடான்னுதான் சொல்வா. நாலான்னு சொன்னா எல்லாரும் கச்ரா போடுவாங்களாம்."

மராத்தியில் ஓடைக்கு ஓடா என்றுதான் பெயர்; நாலா என்றால் சாக்கடையும்தான். குப்பையைக் கச்ரா என்றுதான் எங்கள் வீட்டிலும் சொன்னோம்.

"தமிழ்ல என்ன?" என்றாள்.

"ஓடை."

"அதேதானே?" சிரித்தாள். "தாயிகிட்ட சொல்லணும்."

தமிழ் எழுதப் பழக்கலாம் என்று உட்காரவைத்தால் தலை வலிக்கிறது, வயிறு வலிக்கிறது என்பவள். இன்று ஒரு தமிழ்ச் சொல்லைக் கைக்குள் பொத்திக்கொண்டு போனாள், இன்னொருத்திக்குக் கொடுக்க.

அடுத்த வாரம் நானும் என் 'ஏ' பிரிவை ஓடைக்குக் கூட்டிப்போனேன். புத்தகத்தைக் கையோடு எடுத்துப்போனேன். அதிலேயே என் லட்சணம் தெரிந்திருக்க வேண்டும். "இதுதான் நாலா" என்று ஆரம்பித்தேன். உடனே பாதிப் பேர் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நாற்றமே இல்லை அங்கே. கரையில் மஞ்சளாகப் பூத்திருந்த செடியின் பெயர் என்ன என்று ஒரு சிறுமி கேட்டாள். எனக்கு எந்த மொழியிலும் தெரியவில்லை.

"'பி' பசங்களுக்குத் தெரியும் மிஸ்" என்றான் ஒருவன். உதவி செய்கிறானாம்.

கால் மணி நேரத்தில் திரும்பிவிட்டோம். எங்கள் ஷூக்கள் பளபளவென்று இருந்தன.

பெற்றோர் தினத்துக்கு முந்தின வாரம் தலைமையாசிரியை கூப்பிட்டுவிட்டார். அடுத்த வருஷம் இரண்டு பிரிவுக்கும் இந்தப் பாடத்தை 'பி' ஆசிரியையே எடுக்கட்டுமே என்றார். என் கையெழுத்து அழகாம், மூன்றாம் வகுப்புக்குப் பொருத்தமாம். முடிவு பெற்றோர் தினம் கழித்து. தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். என் வகுப்பும் போகப்போகிறது, மகள் ஏற்கெனவே பாதி போய்விட்டாள் என்று படியிறங்கும்போது தோன்றியது.

முன்கூடத்தில் 'பி' பிரிவின் வரைபடத்தை மாட்டிக்கொண்டிருந்தார்கள். சுவரின் பாதி அகலம். நீலத்தில் ஓடை வளைந்து வளைந்து இறங்கியது. நண்டு இருக்கும் இடம், எருமை இறங்கும் இடம், செங்கல் கோடு போட்ட பாறை, எல்லாம் இருந்தன. நீலத்தின் கரையோரம் ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டு மொழியில் ஓடையின் பெயரை எழுதியிருந்தது. மலையாளப் பையன் எழுதிய தோடு இருந்தது. நடுவில், கோணல்மாணலாக, என் மகளின் தமிழ்.

ஒடை.

ஓவன்னாவுக்கு அடிச்சுழி இல்லை. மகள் எழுதியது, போட்டு உடை என்பதைப் பேச்சில் சொல்கிற ஒடை. அந்தப் பள்ளிக்கூடம் முழுவதிலும் அதை வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி.

'பி' ஆசிரியை ஸ்டூலிலிருந்து இறங்கி வந்தாள். முகத்தில் நீலச் சாயம்.

"மேடம், உங்க பாஷை. பரோபர் ஆஹே நா?" சரியாக இருக்கிறதா என்று கேட்டாள். பக்கத்தில் மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பரோபர்" என்றேன்.

பெற்றோர் தினத்தில் எல்லோரும் வரைபடத்தின் முன்னால்தான் நின்றார்கள். என் கணவர் பாத்ரூம் தேடிப் போனதோடு சரி, நல்லவேளை அந்தப் பக்கம் வரவில்லை. வந்தவர்கள் புகழப் புகழ எனக்குள் அந்த ஒற்றைத் தப்பு இனித்தது. உன் படத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது, அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று. ஓட்டை போட்டது என் பிள்ளை என்பதை வசதியாக மறந்திருந்தேன். மூன்றாம் வகுப்பு எனக்கு வந்தது.

ஒன்று மட்டும் நான் நினைக்காதது. அந்தக் கோடை விடுமுறையில் மகள் தானாகவே நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். "தாயி மிச்ச வார்த்தையெல்லாம் கேப்பா. சொல்லிக் குடு." ஏப்ரல், மே முழுக்க உட்கார்ந்தோம். வயிற்றுவலி வரவில்லை. பள்ளி திறக்க இரண்டு நாள் இருக்கும்போது, வருஷக் கடைசியில் பள்ளியிலிருந்து அவளிடமே கொடுத்தனுப்பியிருந்த வரைபடத்தைத் தரையில் விரித்தாள். ஒரு விரல் ஊர்ந்துபோய் நின்றது.

"அம்மா. சுழி இல்ல."

நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"நீ அப்பவே பாத்தியா?"

"பாத்தேன்."

"தாயி கேட்டா இல்ல? நீ பரோபர்னு சொன்னே."

"சொன்னேன்."

விரலை எழுத்திலிருந்து எடுத்தாள். பிறகு, திட்டாமல், ஷூவில் கல் இருக்கிறதா என்று கேட்பதுபோலக் கேட்டாள்: "ஜெலஸா?"

"ஆமா."

நீல ஸ்கெட்ச் பேனாவை எடுத்தாள். அந்த எழுத்துக்குக் கீழே இடமில்லை. சுழியை ஓடைக்குள்ளேயே இறக்கிப் போட்டாள். தண்ணீரில் விழுந்த சுழி மாதிரி ஆகிவிட்டது. மூடியை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"தாயிகிட்ட நீ சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

பள்ளி திறந்த அன்று பின்வாசலில் அவளைப் பிடித்தேன். மேடம் என்று கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன். தாயி என்று வந்தது. என் உடைந்த மராத்தியில் எல்லாவற்றையும் சொன்னேன். நான் பார்த்தது, சரி என்றது, சுழி இல்லாவிட்டால் அது உடை என்று ஆகிவிடுவது, எல்லாம். முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. என்னை ஒரு முழு நிமிஷம் பார்த்தாள். மணி அடித்தது.

"அந்தச் சுழியை எப்படிப் போடுவது, காட்டுங்கள்" என்று சாக்பீஸை நீட்டினாள்.

சுவரில் எழுதிக் காட்டினேன். அதன் கீழேயே அவள் எழுதினாள். வட்டம், வளைவு, கடைசியில் அடிச்சுழி. கோணல் இல்லை.

அதுவும் அவளுக்கு ஒரே தடவையில் வந்துவிட்டது.