அமிர்தம் கழற்றச் சொன்ன கண்ணாடி

பிரெஞ்சுக்காரர் காலம். 1930களின் நடுவில் சைகோனில் காவல் வேலையை விட்டுப் புதுச்சேரிப் பக்கத்துப் பாகூருக்குத் திரும்பிய சூசைநாதன், கொஞ்சம் பணமும் நிறைய இருமலும் கொண்டுவந்தார். பணம் தளம் போட்ட ஓர் அறை மெத்தை வீடானது. குளிர்தான் இருமலுக்குக் காரணம் என்று நம்பியவர், சைகோனில் பார்த்ததுபோல் சன்னலுக்குக் கண்ணாடி போட்டார். தெருவுக்கே அது புதிது.

அந்த மார்கழியில் அவர் சன்னலைத் திறக்கவே விடவில்லை. ஆவி பிடிக்க வெந்நீர்ப் பானை, குளிர்காயக் கங்குச் சட்டி, கொடியில் ஈரத் துணி எல்லாம் உள்ளேதான். விடிந்தால் கண்ணாடியில் தண்ணீர் கோடுகோடாக வழிந்தது. சன்னலுக்குக் கீழே சுவர் கறுத்துப் பூஞ்சணம் பூத்தது. பாயும் தலையணையும் நாறின. அவருக்கோ படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார். அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் படுத்திருக்க அவர் மனைவி அமிர்தத்துக்குப் பயமாக இருந்தது.

"கொத்தன் ஏமாத்திட்டான். தளம் ஒழுவுது" என்றார் அவர். தளத்தை மறுபடி பூசினார்கள். மழையே இல்லாத நாளிலும் கண்ணாடி வழிந்தது.

அமிர்தம் துடைத்தாள், சுரண்டினாள், மறுநாளும் துடைத்தாள். கொல்லையில் கூரை போட்ட அடுப்படியில் நெல் அவிக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. அத்தனை ஆவியிலும் அங்கே சுவர் காய்ந்தே கிடந்தது. ஆவி கீற்று இடுக்கு வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. மெத்தை வீட்டில் அப்படி ஓர் இடுக்கு இல்லை.

"மேல் கண்ணாடி ஒண்ணக் கழட்டிடலாங்க."

"இன்னாடி, பனிய உள்ள வுட்டு என்னச் சாவடிக்கப் பாக்குறியா?"

"பனி எங்க உள்ள வந்துச்சு? வெந்நி ஆவியும் நம்ம மூச்சுந்தான் போக வழியில்லாம கண்ணாடியில நிக்குது."

"மூச்சுல இம்மாந் தண்ணியா?"

"நீங்க இருமுற இருமலுக்கு பாகூர் ஏரியே ரொம்பும்."

சிரிக்கப் போனவர் இருமலில் மாட்டிக்கொண்டார். அது அடங்கியதும், "கழட்டித் தொல" என்றார்.

குளிர்தான் அவருக்கு எமன் என்று எல்லோரும் நம்பிய வீடு அது. அவர் தவறிப்போனால் பழி முழுவதும் அவள்மேல் விழும். அவள் இடத்தில் நான் வாய் திறந்திருப்பேனா? தெரியவில்லை.

கண்ணாடி ஒன்று போனது. பானையும் கங்குச் சட்டியும் துணியும் வெளியே வந்தன. உச்சி வெயிலில் சன்னல் முழுக்கத் திறந்தது. அவள் கறுப்பைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடிக்க, அவர் துண்டைப் போர்த்திக்கொண்டு முற்றத்து வெயிலில் உட்கார்ந்து திட்டினார்.

இருமல் முழுதாகப் போகவில்லை. ஆனால் பொங்கலுக்கு முன்பே அவர் பாயில் நீட்டிப் படுத்துத் தூங்கினார். எழுந்து, காய்ந்த சுவரைத் தடவிப் பார்த்தவர் கேட்டார்:

"இந்தாடி, கீழ இருக்குறதுலயும் ஒண்ணக் கழட்டட்டா?"

"எல்லாத்தையும் கழட்டுங்க. கோழிங்களும் உள்ள வந்து படுத்துக்கட்டும்."