டிவியில பாதி வந்த பேச்சு

நாட்டுக்கே சட்டம் எழுதின தலைவரோட பொறந்த நாளுக்கு டிவிக்காரங்க எங்க காலனிக்கு வந்தாங்க. "பெரியவரே, உங்க தலைவரப் பத்திச் சொல்லுங்க"ன்னு மைக்க நீட்டுனாங்க. அது என்ன உங்க தலைவரு, மத்தவங்களுக்கு அவரு இல்லயான்னு கேட்டேன். அப்புறம் பேச்சு, எங்கப்பன் பண்ணையில சவுக்கடி பட்டது, நான் மொதமொத செருப்பு வாங்கினதுன்னு எங்கெங்கயோ போச்சு. கடைசியில, "அவரு மேல எனக்கு ஒரு வருத்தம் உண்டு. எங்கப்பன் கண்குளிரப் பாக்க ஒரு தடவ இந்தப் பக்கம் வந்திருக்கலாம்"னேன்.

டிவில வந்தது "அவரு மேல எனக்கு ஒரு வருத்தம் உண்டு" மட்டுந்தான். கீழ, "சொந்த மக்களே அதிருப்தி"ன்னு எழுத்து ஓடுச்சாம். எனக்கு எழுத்து தெரியாது, மருமக படிச்சுச் சொன்னா. அன்னையிலேருந்து மகன் எங்கிட்டப் பேசறதில்ல.

மறுநாள் மிராசுதார் மகன் அவரு வீட்டு வாசல்லேருந்து கூப்பிட்டாரு. "வாய்யா, டிவில சரியாச் சொன்ன. உக்காரு."

அந்த வீட்டுக்கு அம்பது வருஷம் நாத்துப் பறிச்சவன் நான். நாற்காலி போட்டது அன்னைக்குத்தான்.

"நான் சொன்னது அது இல்லீங்க"ன்னு, நின்னுக்கிட்டே மீதியச் சொன்னேன்.

"சரி சரி, கெளம்பு"ன்னு நாற்காலியத் தூக்கிக்கிட்டு உள்ள போயிட்டாரு.